கவிதாவின் வளைகாப்பு: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

செல்வி சித்தி: கவிதாவின் இரத்தப் பரிசோதனையில் மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரும் விசேஷம் ஆயிற்றே, வளைகாப்பைத் தள்ளி வைத்தால் என்ன?

அப்பா: இதைக் குழுவில்தான் எழுத வேண்டுமா, செல்வி?

கவிதா: எழுதட்டும் அப்பா. முதுகுக்குப் பின்னால் பேசுவதைவிட இது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

மீனாட்சி அத்தை: தள்ளி வைக்க அவசியமே இல்லை. கவிதாவுக்கு இருப்பது ஹெபடைடிஸ் பி. தண்ணீரிலும் உணவிலும் பரவுகிற காமாலை வேறு. இது இரத்தத்தின் வழியாகவும், உடலுறவின் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுவது. சேர்ந்து சாப்பிடுவதாலோ, கட்டி அணைப்பதாலோ, சந்தனம் பூசுவதாலோ யாருக்கும் தொற்றாது. கண்ணாடி வளையல் இறுக்கமாக இருந்து, ஏற்றும்போது உடைந்து மணிக்கட்டைக் கீறினால் மட்டும் உடனே கழுவிக் கட்டுப் போடுங்கள்; இரத்தம் பட்ட துண்டை வெறுங்கையால் எடுக்க வேண்டாம்.

செல்வி சித்தி: அப்படியானால் ஓர் அளவு பெரிதாகவே வாங்குகிறேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்திருக்குமோ?

மீனாட்சி அத்தை: அந்த விசாரணையே வேண்டாம். கவிதா பிறந்தபோதே வந்திருக்கவும் கூடும். மாப்பிள்ளையும் நம் வீட்டாரும் பரிசோதித்து, கிருமியும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

வசந்தி பெரியம்மா: கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கலாமா?

மீனாட்சி அத்தை: அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, மதினி. இரத்தத்தில் கிருமியின் அளவு அதிகம் என்பதால்தான் மருத்துவர் டெனோஃபோவிர் கொடுத்திருக்கிறார். அதைக் கவிதா ஒரு நாளும் விடக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகும் அவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

கவிதா: 28ஆவது வாரத்திலிருந்து தவறாமல் சாப்பிடுகிறேன், அத்தை. தாய்ப்பால் கொடுக்கலாமா என்பதுதான் என் கவலை.

மீனாட்சி அத்தை: தாராளமாகக் கொடுக்கலாம், கண்ணு. ஆனால் குழந்தை பிறந்ததும் ஒரு தொடையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும், மறு தொடையில் உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் 12 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். இதைத்தான் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும், ஏனென்றால் பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே அது நிலைத்துத் தங்குகிறது, பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளிலோ நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் தங்கிவிடுகிறது. பிறகு 6, 10, 14 வாரங்களில் வழக்கமான தடுப்பூசிகள் இருக்கின்றன. ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு குழந்தையின் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

வசந்தி பெரியம்மா: உன் அண்ணன் ஒரு சொட்டும் குடித்ததில்லை. ஈரல் சுருங்கி இறந்தார் என்றதும் ஊரே அவரைக் குடிகாரர் என்றது. நம் வீட்டில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

அப்பா: மதினி, அதை இப்போது ஏன் எடுக்கிறீர்கள்?

மீனாட்சி அத்தை: எடுக்கட்டும், தம்பி. அண்ணனுக்கு இருந்தது இதுதானா என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் குடிக்காதவர்களின் ஈரலையும் இந்தக் கிருமி பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் கெடுக்கும். நீங்களும் பிள்ளைகளும் இந்த வாரமே பரிசோதித்துக்கொள்ளுங்கள், மதினி.

வசந்தி பெரியம்மா: பெரியவனிடம் சொல்கிறேன். அவன் கேட்பானா என்று தெரியவில்லை.

செல்வி சித்தி: புளியோதரைக்கு எத்தனை படி அரிசி போடுவது?

அப்பா: அதைப் பிறகு பேசலாம். முதல் பிரசவம் நம் ஊரில்தான் என்பது முறை. சம்பந்தியம்மாவோ மதுரையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

மீனாட்சி அத்தை: முறையைப் பார்க்காதே. இம்யூனோகுளோபுலின் இரவு இரண்டு மணிக்குக் கேட்டாலும் எந்த மருத்துவமனையில் கையிருப்பில் இருக்கும் என்று விசாரித்து, அங்கே பதிவு செய்.

கார்த்தி: நாளை இரண்டு இடத்திலும் நேரில் கேட்கிறேன், அத்தை. அக்காவின் பரிசோதனைச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அப்பா: கேட்டுவிட்டு வா. சம்பந்தியம்மாவிடம் அதுவரை எதுவும் சொல்லவில்லை.