துப்பாக்கி இல்லாத போராட்ட கேம் ஏதாவது இருக்கிறதா?

சயான்_சரவணன்:
ஞாயிறு மாலைகளில் எங்கள் பில்டிங் தமிழ்ப் பிள்ளைகளை உட்கார வைத்து கேம் விளையாடுகிறோம். எதை எடுத்தாலும் சுடுவதுதான். அறவழிப் போராட்டத்தை நடத்திப் பார்க்கிற மாதிரி ஏதாவது உண்டா? 1930 உப்பு சத்தியாகிரகத்தில் மும்பை வடாலா உப்பளத்தில் கூட்டம் கூட்டமாகப் போய் உப்பை அள்ளி அடி வாங்கியிருக்கிறார்கள். இவர்களுக்கு வடாலா என்றால் மோனோரயில் ஸ்டேஷன்தான்.

தாராவி_செல்வி:
அடிதடி இல்லாத கேமா? என் பையன் அஞ்சு நிமிஷத்தில் மூடிவிடுவான்.

செம்பூர்_தாத்தா:
இருக்கிறது தம்பி. 'எ ஃபோர்ஸ் மோர் பவர்ஃபுல்', 2006இல் வந்தது. செர்பியாவில் சர்வாதிகார ஆட்சி நடத்திய மிலோசெவிச்சை எதிர்த்த 'ஓட்போர்' என்ற இயக்கத்து இளைஞர்களில் ஒருவரான இவான் மாரோவிச்சும் அதன் உருவாக்கத்தில் இருந்தார். 2010இல் 'பீப்பிள் பவர்' என்று அடுத்தது வந்தது. துண்டுப் பிரசுரம், புறக்கணிப்பு, வேலைநிறுத்தம் என்று நீங்கள் திட்டம் போட வேண்டும், அரசு உங்கள் ஆட்களைப் பிடித்து உள்ளே போடும். பேரன் போட்டுக் காட்டினான். பார்க்கப் பழசாகத்தான் இருக்கும். நான் துறைமுகத்தில் யூனியன் வேலை பார்த்தவன். கையில் காசும் ஆளும் இல்லாமல் ஸ்ட்ரைக் அறிவித்தால் என்ன ஆகும் என்று எனக்கு கேம் சொல்லித் தர வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லித் தரட்டும்.

ஆனால் உங்களுக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம் என்பேன். வேதாரண்யத்தை அட்டையில் வரைந்து ஆடுங்கள். 1930 ஏப்ரலில் உப்பு அள்ள ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களோடு நடந்தார். சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலத்தை வழியில் மரக்கிளையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். யாரைப் பிடிப்பது? ஒரு பிள்ளை கலெக்டர், இரண்டு பேர் தொண்டர்கள், மற்றவர்கள் ஊர். பொட்டலத்தை எந்த மரத்தில் கட்டினோம் என்று ஊர் சீட்டில் எழுதி மறைத்து வைக்கட்டும்.

சயான்_சரவணன்:
அருமை தாத்தா. போலீஸை எப்படிக் காட்டுவது? பகடை போட்டு அடிக்க விடலாமா?

செம்பூர்_தாத்தா:
பகடை வேண்டாம். ஒவ்வொரு போலீஸ்காரனுக்கும் ஒரு சீட்டு கொடுங்கள்: 'உடனே கீழ்ப்படிவான்', 'மெதுவாகக் கீழ்ப்படிவான்', 'பார்த்தும் பார்க்காத மாதிரி போவான்'. எந்தச் சீட்டு யாரிடம் என்று கலெக்டருக்கே தெரியக்கூடாது. 2000 அக்டோபர் 5 அன்று செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் முதலில் கண்ணீர்ப் புகை வீசிய போலீஸ் அப்புறம் ஒதுங்கிக்கொண்டது, மிலோசெவிச் கதை அதோடு முடிந்தது.

தாராவி_செல்வி:
சரி, இதற்கு என் பையனையும் அனுப்புகிறேன். வேஷம் எது?

செம்பூர்_தாத்தா:
கலெக்டர். கெட்டிக்காரன் கையில் கொடுத்தால்தான் ஊர்க்காரர்கள் மூளையைக் கசக்குவார்கள்.