"வீட்டுக்காரர் வரலையா?" கருத்தடை விஷயத்தில் கடலூர், புதுச்சேரிப் பக்கம் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

மஞ்சக்குப்பத்துக்காரி

இரண்டாவது பிரசவம், சுகப்பிரசவம். அதோடு கு.க.வும் (குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்) பண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நானும் அவரும் ஐந்தாம் மாதமே போனில் பேசி முடிவு செய்திருந்தோம். அவர் குவைத்தில். கடலூரில் எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. மூன்றாம் நாள் காலை கேஸ் ஷீட்டோடு வந்த நர்ஸின் முதல் கேள்வி: "வீட்டுக்காரர் வரலையா?"

மாமியார் வீடியோ கால் போட்டார். நர்ஸ் அதை வாங்கிக் கட்டில் காலடியில் நின்றபடி, "சார், உங்க சம்சாரத்துக்கு ஆபரேஷன். உங்களுக்குச் சம்மதமா?" என்று சத்தமாகக் கேட்டார். அவர் சைட்டில் மஞ்சள் ஹெல்மெட்டோடு நிற்கிறார், பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிறது. வார்டில் 11 கட்டில், அத்தனை பேருக்கும் கேட்கிறது. ஆம்பளைக் குரல் வந்ததும் பக்கத்துக் கட்டில் பெண் அவசரமாகத் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். என் மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. என் கைநாட்டு மாதிரி ஒரு கையெழுத்தை வாங்கினார்களே தவிர, உனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை.

4 வருஷம் ஆகிவிட்டது. வலி, தையல் எல்லாம் மறந்துபோனது. அந்த மஞ்சள் ஹெல்மெட் மறக்கவில்லை.

ஜன்னலோர சீட்

எனக்கு நடந்தது வேறு விஷயம், ஆனால் அதே கேள்விதான். ஆணுறை கிழிந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு. அவசரக் கருத்தடை மாத்திரைக்காகத் திருப்பாதிரிப்புலியூரில் 3 மருந்துக் கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் "ஸ்டாக் இல்ல", இரண்டாவதில் "டாக்டர் சீட்டு இருக்கா". மூன்றாவது கடைக்காரர் பதிலே சொல்லாமல் என் கழுத்தைப் பார்த்தார். நான் தாலியை வெளியே போட்டுக்கொள்கிறவள் இல்லை. அப்புறம்தான், "இதெல்லாம் நாங்க வைக்கிறதில்லம்மா, வீட்டுக்காரர வரச் சொல்லுங்க" என்றார். வைக்காத மாத்திரைக்கு வீட்டுக்காரர் எதற்கு?

பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். எல்லையில் இருக்கிற முள்ளோடையில் பாதி பஸ் காலி. எல்லாரும் எதற்கு இறங்குகிறார்கள் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு எல்லை தாண்டினால் குவார்ட்டர், எனக்கு மாத்திரை. நான் மட்டும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். புதுச்சேரியில் 2 நிமிஷத்தில் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டிலேயே பன்னீர் சோடாவோடு விழுங்கினேன். அந்த மாதம் நாள் ஒரு வாரம் தள்ளிப்போய் உயிரை எடுத்தது, அது தனிக் கதை.

சிப்காட் நைட் ஷிப்ட்

மஞ்சக்குப்பத்து அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம். ரெண்டு பிள்ளை பெற்ற உடம்பில் ஏன் இன்னொரு கத்தி? அவர் லீவில் வரும்போது பண்ணிக்கொண்டிருக்கலாமே. நான் பண்ணிக்கொண்டேன். ஆண்களுக்கான கு.க., கத்தி வைக்காத முறை, ஊசி போட்டு மரத்துப்போக வைத்து ஒரு சின்னத் துளை, தையல்கூடக் கிடையாது. நடந்தே வெளியே வந்தேன்.

ஆனால் பெருமை அடித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. 3 மாதம் உறை போட வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை பண்ணி அணு இல்லை என்று தெரிந்தால்தான் நிம்மதி என்று டாக்டர் சொன்னார். அம்மா டீக்கடை வரைக்கும் வந்து அழுததில் எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை ("மூட்டை தூக்குற ஒடம்புடா"). இரண்டாம் மாதமே மனைவிக்கு நாள் தள்ளிப்போனது. கலைக்கப் போன இடத்தில் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சந்தேகம் யாருக்கு வரும், யாருக்கு வரவில்லை என்று அந்த ஒரு நொடியில் அவள் என் முகத்தில் தேடினாள். எனக்குச் சந்தேகம் வரவில்லை. வரவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு ரெண்டு நாள் ஆனது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ரிட்டயர்டு நர்ஸம்மா

என் கதை ஒரு வரி: 1990களில் நானும் காப்பர் டி (கரு தங்காமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கிற சாதனம்) போட்டுக்கொண்டேன், ஒரு தொந்தரவும் இல்லை. சொல்ல வந்தது வேறு.

மஞ்சக்குப்பம், அந்த நர்ஸ் செய்தது தப்பு. கு.க.வுக்குப் புருஷன் சம்மதம் தேவையில்லை என்று அரசு விதியிலேயே இருக்கிறது. கருக்கலைப்புக்கும் அப்படித்தான்: 18 வயது முடிந்தவளுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். 1971 சட்டம், 2021ல் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டர், அதற்கு மேல் 24 வரை சில வகைப் பெண்களுக்கு இரண்டு டாக்டர். தடுப்பு முறை தவறிப்போனதும் சட்டப்படி ஏற்கும் காரணம்தான். சிப்காட் தம்பி மனைவிக்கு அப்படித்தான் செய்திருப்பார்கள்.

ஆனால் நர்ஸ் பக்கமும் ஒரு வார்த்தை. ஆபரேஷன் முடிந்த மறுநாள் நாலு பேரைக் கூட்டிவந்து, "எவனக் கேட்டுப் பண்ணீங்க" என்று கட்டிலைத் தட்டுகிற புருஷன்மாரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தில் கேட்கிறோம். சரி என்று சொல்லவில்லை.

ஜன்னலோரம், அடுத்த தடவை (வரக் கூடாது) நினைவில் வையுங்கள்: மாத்திரை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. காப்பர் டியை 5 நாளுக்குள் போட்டாலும் தடுக்கும், அதில் 380ஏ என்பது 10 வருஷம் நிற்கும். மாதா மாதம் பயந்து சாக வேண்டாம் என்றால் அந்தரா என்ற கருத்தடை ஊசி, 3 மாதத்துக்கு ஒன்று. சாயா என்ற கருத்தடை மாத்திரையில் ஹார்மோன் இல்லை, லக்னோவில் நம் ஆட்கள் கண்டுபிடித்தது. முதல் 3 மாதம் வாரம் ரெண்டு, பிறகு வாரம் ஒன்று. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். தயவுசெய்து கலைப்பு மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கி வீட்டில் போடாதீர்கள். கரு கருப்பையில் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் அது கேட்காது, உள்ளே குழாய் வெடித்து உயிர் போகும். ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான்.

பாகூர் ஏரிக்கரை

ஜன்னலோரம் வாங்கியதும் கலைப்பு மாத்திரையும் ஒன்றுதானே? பாவத்தைப் பஸ் ஏறி வாங்கிவந்த கதையையும் எழுதுகிறார்களே.

ரிட்டயர்டு நர்ஸம்மா

ஒன்று இல்லை. அவள் வாங்கியது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிற மாத்திரை. கரு தங்கிவிட்டால் அது ஒன்றும் செய்யாது. தெரியாமல் பாவக் கணக்கு எழுதாதீர்கள்.

ஜன்னலோர சீட்

மஞ்சக்குப்பம் அக்கா, அன்று போனில் அவர் என்ன சொன்னார்? எழுதவே இல்லையே.

மஞ்சக்குப்பத்துக்காரி

முதல் தடவை சிக்னல் கட்டானது. சிப்காட் தம்பிக்கும் சேர்த்தே சொல்கிறேன், அவர் பண்ணிக்கொள்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தார், லீவுதான் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்ததும், "அவ என்ன சொல்றா?" என்று கேட்டார். எனக்கு நன்றாகக் கேட்டது. போனை என் பக்கம் திருப்புவார்கள் என்று ஜாக்கெட்டைச் சரிசெய்துகொண்டேன். நர்ஸ், "சரி சார், ஓகேன்னு எழுதிக்கிறேன்" என்று போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.