உடும்புக் கறியில இளைப்பு தீருமா?

வெண்ணாற்றங்கரை:
போன வாரம் எங்க தெருவுல ஒரு பையனுக்கு மூச்சு இளைப்புன்னு (ஆஸ்துமா) உடும்பு பிடிச்சுட்டு வந்தாங்க. முன்காலை முதுகுப்பக்கம் மடக்கிக் கட்டி, சாக்கு மேல போட்டிருந்தாங்க. பிளந்த நாக்கு மட்டும் வெளிய வந்து வந்து போச்சு. வேணாம்னு சொன்னதுக்கு எனக்குத்தான் திட்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல புலி இருக்கற அதே முதல் அட்டவணையில உடும்பும் இருக்குன்னா யார் கேக்குறா? நெசமாவே இந்த ஜீவன்கள்ல மருந்து இருக்கா?

கோரையாறு:
இருக்கு தம்பி. எங்கப்பாவுக்கு உடும்புக் கறியிலதான் இளைப்பு நின்னுச்சு. பிரேசில் விரியன் விஷத்துலேர்ந்து பிரஷர் மாத்திரை செஞ்சா விஞ்ஞானம், நம்ம அப்பத்தா சொன்னா மூடநம்பிக்கையா?

மருந்துக்கடை மன்னை:
அண்ணே, அந்த மாத்திரை கேப்டோப்ரில். 1981ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. ரத்தக்குழாயைச் சுருக்கற பொருளை உண்டாக்கும் நொதியை அந்த விஷம் தடுக்குதுன்னு பார்த்து, அதே வேலையைச் செய்யற சின்ன மூலக்கூறை ஆய்வகத்துல செஞ்சாங்க. மாத்திரைக்குள்ள பாம்பு ஒரு துளியும் இல்ல. 2005ல வந்த சர்க்கரை ஊசி எக்சனடைடும் கிலா பல்லியோட எச்சிலைப் படிச்சதால வந்ததுதான், பல்லியைத் தின்னதால இல்ல. அப்பாவுக்குக் குணமானதைப் பொய்ங்கல, பனி போனா இளைப்பு தானா தணியறதும் உண்டு. அந்தப் பையனுக்கு இன்னைக்கே இன்ஹேலர் வேணும்.

குறுவை மூணு மா:
ஆய்வகத்துலயே செய்யலாம்னா அப்புறம் பாம்பு எதுக்குங்க? கதிர்க்கட்டைத் தூக்கும்போது எங்க சித்தியைக் கண்ணாடி விரியன் கடிச்சுது. ஆஸ்பத்திரியில ரத்தத்தைக் குழாய்ல பிடிச்சு இருபது நிமிஷம் அசைக்காம வச்சாங்க. சாய்ச்சுப் பார்த்தா உறையாம தண்ணியா ஓடுது. பக்கத்துல நின்னு பார்த்தவன் நான். பாம்பைக் காப்பாத்துங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்க.

மருந்துக்கடை மன்னை:
சித்தி இப்ப எப்படி இருக்காங்க? உங்க கோபம் நியாயம். ஆனா அவங்களுக்கு ஏத்தின விஷமுறிவு மருந்துக்கு, உயிரோட இருக்கற பாம்புலேர்ந்து விஷம் எடுத்துக் குதிரைக்குப் போட்டு, அதோட ரத்தத்துல உண்டாகற முறிவுப் பொருளை எடுக்கணும். 1978லேர்ந்து சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலியில இருளர்கள் நடத்தற சங்கம் விஷம் எடுத்துட்டுப் பாம்பைத் திரும்ப விட்டுடுது. அதே கண்ணாடி விரியன் விஷத்தை நல்லா நீர்க்க வச்சு, ரத்த உறைதல் கோளாறைக் கண்டுபிடிக்கற ஒரு பரிசோதனையும் நடக்குது.

நகல் எடுக்கணும்னா மூலம் இருக்கணுமே. ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்துல ஒரு தவளை, முட்டையை விழுங்கி வயித்துக்குள்ளயே வளர்த்து, குஞ்சை வாய் வழியா விடும். அத்தனை நாளும் வயித்துல அமிலம் சுரக்காது. குடல்புண்ணுக்கு வழி கிடைக்கும்னு ஆராய ஆரம்பிச்சாங்க. 1981க்கு அப்புறம் காட்டுல அதை யாரும் பார்க்கல. அதோட கூடப்பிறந்த இனமும் போச்சு. நினைச்சா வயிறு எரியுது. கேரளத்துத் தவளை ஒன்னோட தோல்ல ஃப்ளூ வைரஸைக் கொல்ற பொருள் இருக்குன்னு 2017லதான் சொன்னாங்க. உருமி வாளை நினைச்சு அதுக்கு 'உருமின்'னு பேரு வச்சாங்க. நம்ம வாய்க்கால் தவளைகிட்ட என்ன இருக்கோ!

கோரையாறு:
தவளைன்னதும் ஒன்னு சொல்லணும். சின்ன வயசுல பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல சாக்கு சாக்கா பிடிச்சுக் காலை ஏற்றுமதிக்கு வித்தோம். 1987ல தடை வந்துச்சு. அப்புறமும் எங்க வயல்ல பழைய சத்தம் திரும்பலயே? பிடிக்கறவனை மட்டும் குத்தம் சொல்றீங்க, களைக்கொல்லியை யாரும் பேசல.

வெண்ணாற்றங்கரை:
உடும்பு விஷயத்துல உங்களோட ஒத்துப்போகல. இதுல முழுசா ஒத்துக்கறேன். 2023 உலகக் கணக்குப்படி தவளை இனங்களும் அதோட சொந்தங்களும் நூத்துக்கு 41 அழியற நிலைமையில இருக்கு. வாழற இடம் போறதுதான் பெரிய காரணம். நம்ம வரப்பும் இடம்தானே.

குறுவை மூணு மா:
சித்தி பொழைச்சுட்டாங்க, ஒரு விரல் மட்டும் மடங்காது. பாம்பு மேல எனக்குப் பாசம் வராது. தவளைக்காக வாய்க்கால் ஓரம் அரை மா நிலத்தை மருந்தடிக்காம விடறேன். தவளை வந்தா பின்னாலயே பாம்பும் வரும்ங்கறாங்க சித்தி. அதுக்கு என்ன செய்ய?

மருந்துக்கடை மன்னை:
முழங்கால் வரைக்கும் கம்பூட்ஸ். ராத்திரி தண்ணி பாய்ச்சப் போனா டார்ச். கதிர்க்கட்டுல கை வைக்கறதுக்கு முன்னாடி கம்பால ரெண்டு தட்டு தட்டிட்டு, கொஞ்சம் நின்னு, அப்புறம் தூக்கச் சொல்லுங்க.