கதை நடுவுல காலம் தாவுது, ஆள் மாறுது: ஆப் கோளாறா, எனக்குத்தான் புரியலையா?

ஏலக்கா_ஸ்டோர்:
வணக்கம். எனக்கு ஊர் கூடலூர், தேனிப் பக்கத்துக் கூடலூர். வண்டன்மேட்டுல ஒரு ஏலக்கா ஸ்டோர்ல கணக்கு எழுதுறேன். விடிகாலை ஜீப்புல லோயர் கேம்ப் ஏறி குமுளி வழியா போறப்ப, சிறுகதை வாசிச்சுக் காட்டுற இங்கிலீஷ் பாட்காஸ்ட் கேப்பேன். எஸ்கேப் பாட், கிளார்க்ஸ்வேர்ல்ட் மாதிரி. எல்லாம் அறிவியல் புனைகதை, மாயக்கதைதான்.

ரெண்டு தொல்லை. மலை ஏற ஆரம்பிச்சதும் கதை நின்னுடுது, போனை எடுத்து லாக்கைத் திறந்தா மறுபடி ஓடுது. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். கதையே பிடிபடாம போறதுதான் தலைவலி. விண்கலத்துல கதவைச் சாத்திக்கிட்டு ஒருத்தி அழுதுக்கிட்டு இருப்பா, அடுத்த வரியில அவளே கிழவியாகி வயக்காட்டுல நிப்பா. நடுவுல என்ன நடந்துச்சுன்னே தெரியாது. இங்கிலீஷ் செய்தி, பேட்டியெல்லாம் எனக்கு நல்லாவே புரியும்.

இன்னொண்ணு. 38 நிமிஷம்னு போட்டிருந்த கதை 33 நிமிஷத்துலயே முடிஞ்சிடுச்சு. வேகம் 1-லதான் இருக்கு. ஃபைல் அரைகுறையா இறங்குதா? ஆண்ட்ராய்டு போன், ஆப் போனோடயே வந்தது.

செங்கோட்டை_பாசஞ்சர்:
லாக்கைத் திறந்தா ஓடுதுன்னா பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன்னு போனே ஆப்பை நிறுத்துதும்மா. செட்டிங்ஸ்ல ஆப்ஸ், அதுக்குள்ள அந்த ஆப், அதுல பேட்டரி. ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’னு மாத்திடுங்க. அப்புறம் ஸ்ட்ரீம் பண்ணாதீங்க, ராத்திரியே வீட்டு வைஃபைல இறக்கி வைங்க. ஒலித்தரம் 128 கேபிபிஎஸ்னா நிமிஷத்துக்கு ஒரு எம்பிகூட வராது. நானும் பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவு குகைக்குள்ள ரயில் நுழையறப்ப பாதிக் கதையோட உக்காந்திருந்தவன்தான்.

புரியாததுக்கு மருந்து கிடையாது. இந்த வகைக் கதை அப்படித்தான் எழுதுவாங்க. பழகினா சரியாயிடும்.

நகரி_தறி:
பாசஞ்சர் அண்ணே, முதல் விஷயம் சரி. ரெண்டாவதுல அவங்களை அப்படி அனுப்பிடாதீங்க. துப்பு அந்த 33 நிமிஷத்துல இருக்கு. ஃபைல் பாதியில அறுந்திருந்தா முடிவே வந்திருக்காது. முடிவு வந்தும் அஞ்சு நிமிஷம் குறையுதுன்னா, உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா எதையோ வெட்டுது.

அக்கா, பிளேயர் செட்டிங்ஸ்ல ‘ஸ்கிப் சைலன்ஸ்’ இல்லைன்னா ‘ட்ரிம் சைலன்ஸ்’னு ஒண்ணு இருக்கும். அது ஆன்ல இருக்கான்னு பாருங்க. பேச்சு இல்லாத இடத்தையெல்லாம் சுருக்கிடுற வசதி அது. அரட்டை பாட்காஸ்டுக்கு அருமை. கதைக்கு விஷம்.

அச்சுல காட்சி மாறுற இடத்துல ஒரு வரி காலியா விடுவாங்க, இல்லைன்னா நட்சத்திரக் குறி போடுவாங்க. வாசிக்கிறவங்களால அதை எப்படிக் காட்ட முடியும்? ரெண்டு மூணு விநாடி மூச்சு விட்டு நிறுத்துவாங்க, அவ்வளவுதான். சில பேர் சின்னதா இசை வைப்பாங்க, பல பேர் அதுவும் வைக்க மாட்டாங்க. அந்த மௌனத்தை ஆப் தின்னுட்டா ரெண்டு காட்சியும் ஒட்டிக்கும். குடும்பக் கதைன்னா வீட்டுலேர்ந்து ஆபீஸுக்கு வந்துட்டாங்கன்னு நாமளே ஊகிச்சுக்கலாம். இங்க அடுத்த காட்சி முந்நூறு வருஷம் கழிச்சு இருக்கலாம், வேற கிரகமா இருக்கலாம், அதே பேர்ல இருக்கிறது அவளோட நகலா இருக்கலாம். ஊகிக்க வழியே இல்ல.

எஸ்கேப் பாட் மாதிரி இடங்கள்ல கதைக்கு முன்னாடியும் பின்னாடியும் நடத்துறவர் பேசுவார். மௌனம் போயிட்டா அந்தப் பேச்சும் கதையோட சேர்ந்துக்கும்.

சோதிச்சுப் பாக்கணும்னா, கிளார்க்ஸ்வேர்ல்ட் தளத்துல ஒலியும் எழுத்தும் ரெண்டுமே இலவசமா இருக்கு. எழுத்தைத் திறந்து வச்சுக்கிட்டு ஒரு காட்சி முறியிற இடத்தை மட்டும் கேளுங்க.

விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவுல கேக்குற எனக்கு ஆண்டெனாபாட்ங்கிற ஆப் ஒத்து வருது. காசு இல்ல, விளம்பரம் இல்ல. ஒவ்வொரு பாட்காஸ்டுக்கும் தனித்தனியா வேகம் வச்சுக்கலாம், சத்தம் கம்மியா பதிவானதுக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டி வைக்கலாம்.

ஏலக்கா_ஸ்டோர்:
ஆன்லதான் இருந்துச்சு தம்பி! நான் தொட்டதே இல்ல, வந்தப்பவே அப்படித்தான் இருந்திருக்கு போல. அணைச்சுட்டு அந்த விண்கலத்துக்காரி கதையை மறுபடி கேட்டேன். கதவு சாத்தினதுக்கு அப்புறம் நல்லா ஒரு இடைவெளி, பிறகு குரலையே கொஞ்சம் தாழ்த்தி ஆரம்பிக்கிறாங்க. பேட்டரியும் மாத்தியாச்சு, குமுளி செக்போஸ்ட் வரைக்கும் நிக்கல.

ஜீப்புல டிரைவர் கூப்பிட்டா கேக்கணும்னு ஒரு காதுலதான் மாட்டுவேன். பல குரல்ல நடிச்சு வாசிக்கிற கதையில சில பேர் பேசுறது மங்கலா வருதே, அது ஏன்?

நகரி_தறி:
அது ஸ்டீரியோ. அந்த ஆளுங்களை இன்னொரு காதுப் பக்கம் உக்கார வச்சிருப்பாங்க. செட்டிங்ஸ்ல அக்சசிபிலிட்டிக்குள்ள ‘மோனோ ஆடியோ’வை ஆன் பண்ணுங்க, ரெண்டு பக்கச் சத்தமும் ஒரே காதுல வந்துடும்.

ஏலக்கா_ஸ்டோர்:
சரியாப் போச்சு. கடைசியா ஒண்ணு. கூட வர்ற அக்காமாருக்கு இறங்குற வரைக்கும் நான் கேட்ட கதையைத் தமிழ்ல சொல்லுவேன். காய் எடுக்கப் போறவங்க, திரும்பி வர்றப்ப ‘அந்த ரோபோ என்னாச்சு’ன்னு அவங்களே கேப்பாங்க. இதைத் தமிழ்ல பதிவு பண்ணி வாட்ஸ்அப் குரூப்ல போடலாமா?

வாளையார்வாசி:
வாயால சொல்றதுக்கு யாரும் தடை சொல்லப் போறதில்ல. பதிவு பண்ணிப் பரப்புறதுன்னா உரிமம் பாக்கணும். எஸ்கேப் பாட் கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கிற பொது உரிமத்துல வெளியிடுறாங்க: பேர் சொல்லணும், காசு பாக்கக் கூடாது, மாத்தக் கூடாது. அப்படியே அந்த எம்பி3-யை அனுப்பலாம், மொழிபெயர்த்துப் போட முடியாது. மொழிபெயர்ப்பும் மாத்துறதுதான்.

அக்காமாருக்குன்னா நேராத் தமிழ்லேர்ந்தே எடுங்களேன். நம்ம நாட்டுல எழுத்தாளர் இறந்து 60 வருஷம் ஆனா உரிமை முடிஞ்சிடும். புதுமைப்பித்தன் 1948-ல இறந்தார், அவர் எழுத்தை யாரு வேணா வாசிச்சுப் பதிவு பண்ணலாம். கடவுள் மெட்ராஸுக்கு வந்து காபி குடிக்கிற கதை அவருதுதான், பேய்க்கதையும் இருக்கு. நீளத்தை மட்டும் முதல்லயே பாத்துக்குங்க. நிதானமா வாசிச்சா நிமிஷத்துக்கு 100 தமிழ் வார்த்தைக்கு மேல ஓடாது. அந்தக் காபிக் கதை நீளம், ஒரே ஏத்தத்துல முடியாது. ரெண்டா வெட்டிப் போடுங்க.