பிப்ரவரியில் 5 இரவு, முதல் தடவை பனிச்சறுக்கு: குல்மார்க்கா, ஔலியா, சோலாங்கா? (மூன்று பேர், ₹1.5 லட்சம்)

கோவைக்காரி:

வணக்கம். நான், கணவர், பத்து வயது மகன். மூன்று பேருமே பனிச்சறுக்குக்குப் புதுசு. பிப்ரவரியில் ஆறு நாள் லீவு கிடைக்கும். சென்னையிலிருந்து கிளம்பித் திரும்பும் வரை விமானம் உட்பட ஒன்றரை லட்சத்துக்குள் முடிக்க வேண்டும். உத்தராகண்டில் உள்ள ஔலிதான் சீப் என்கிறார் ஒரு டிராவல் ஏஜென்ட். இன்னொருவர் இமாச்சல் மணாலி பேக்கேஜில் சோலாங்கைச் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். காஷ்மீர் குல்மார்க் போனால் பட்ஜெட் தாங்காது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

சில சந்தேகங்கள். தங்குவதற்கு குல்மார்க்கை விட்டுக் கீழே தங்மார்க்கில் ரூம் போட்டால் மிச்சமாகுமா? "ஸ்கீ பேக்கேஜ் தலைக்கு நாளொன்றுக்கு ₹3,500" என்று வாட்ஸ்அப்பில் சொல்கிறார்கள், அது நியாயமா? கோண்டோலா (மலைமேல் போகும் கேபிள் கார்) டிக்கெட் எங்களுக்குத் தேவையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை:

சகோதரி, ரூம் வாடகையை வைத்து இடத்தை முடிவு பண்ணாதீர்கள். ஆறு நாளில் எத்தனை நாள் காலில் பலகை மாட்டி நிற்பீர்கள் என்று எண்ணுங்கள்.

ஔலிக்கு முதல் நாள் சென்னை–டெல்லி–டேராடூன், இரவு ரிஷிகேஷ். இரண்டாம் நாள் முழுக்க ஜோஷிமட் வரை சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும், மண்சரிவு இருந்தால் இன்னும் கூட. திரும்பி வரவும் அதே கணக்கு. ஆக, பனியில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டே நாள். ஜோஷிமட்–ஔலி ரோப்வே, ஊர் நிலம் இறங்கி வீடுகளில் விரிசல் விட்ட 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. இன்னமும் ரோப்வே சவாரி என்று படம் போட்டு விற்கும் ஏஜென்டாக இருந்தால், இப்போது ஓடுகிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஔலியின் சரிவு தொடக்கக்காரர்களுக்கு நல்ல சரிவுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உத்தராகண்ட் அரசின் சுற்றுலா நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்தும் 7 நாள், 14 நாள் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு அது சரியான இடம். ஆறு நாள் லீவுக்கு ஒத்துவராது.

சோலாங்குக்கு டெல்லியிலிருந்து இரவு பஸ், மணாலிக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம். பையனோடு போக வர இரண்டு இரவு பஸ்ஸில். போய்ச் சேர்ந்தால் சரிவு சின்னது, அதன் நடுவிலேயே சுற்றுலாக் கூட்டம் நடக்கும், டியூப் சவாரி, ஸ்நோ ஸ்கூட்டர் எல்லாம் அங்கேயே. புதிதாகக் கற்கிறவருக்குத் திருப்பத் தெரியாது, ஆள் குறுக்கே வந்தால் மோதல்தான். பனி விழுந்த நாளில் மணாலி–சோலாங் 14 கிலோமீட்டருக்கே அரை நாள் போய்விடும்.

குல்மார்க்குக்கு விமானத்தில் ஸ்ரீநகர், அங்கிருந்து 50 கிலோமீட்டர். காலையில் சென்னையில் ஏறினால் இரவுச் சாப்பாடு மலைமேல். 2, 3, 4-ஆம் நாள் முழுசாகச் சறுக்கலாம். 5-ஆம் நாள் காலை அரை நேரம் சறுக்கிவிட்டு ஸ்ரீநகர் இறங்கித் தங்கி, 6-ஆம் நாள் விமானம். விமானச் செலவு கூடுதல்தான். ஆனால் பனியில் நிற்கும் ஒரு நாளுக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்த்தால் மூன்றில் மலிவு இதுதான்.

ரயில் பற்றியும் யாராவது சொல்வார்கள். 2025 ஜூனிலிருந்து கட்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் ஓடுகிறது, சுமார் மூன்று மணி நேரம், அருமையான பாதை. ஆனால் சென்னையிலிருந்து கட்ரா சேரவே இரண்டு நாளுக்கு மேல் ஆகும்.

ஒன்றரை லட்சத்தை இப்படிப் பிரித்து வையுங்கள்: விமானம் மூவருக்கும் 54,000, குல்மார்க்கில் நான்கு இரவு 26,000, ஸ்ரீநகரில் ஓர் இரவு 2,500, டாக்சி 10,000, மூன்று நாள் வாடகைச் சாமான் 9,000, பயிற்சியாளர் 7,500, சாப்பாடு 15,000, துணிமணி 15,000. கூட்டினால் 1,39,000. மீதி 11,000-ஐத் தொடாதீர்கள்; ஒரு விமானம் ரத்தானால் அதுதான் கைகொடுக்கும்.

தால்_ஏரி:

என் ஓட்டு தங்மார்க்குக்கு. அங்கே மலிவாக ரூம் கிடைக்கும், குல்மார்க் 13 கிலோமீட்டர்தான். நாலு இரவுக்கு எட்டு, பத்தாயிரம் மிச்சம்.

மலைப்பாதை:

தம்பி, வெயில் காலத்துக்கு நீங்கள் சொல்வது சரி. பிப்ரவரியில் அந்த 13 கிலோமீட்டரில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டியோ ஃபோர் பை ஃபோரோ இல்லாமல் விடமாட்டார்கள். தினமும் போக வர அந்த வண்டிக்குக் கொடுக்கும் காசைக் கழித்தால் மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் தேறாது. இரவு பனி கொட்டினால் காலையில் சாலையைச் சுத்தம் பண்ணும் வரை கீழேயே காத்திருக்க வேண்டும். புதுப்பனி விழுந்த காலையில் சரிவு மெத்தென்று இருக்கும், விழுந்தால் அவ்வளவாக வலிக்காது. அதைத் தங்மார்க் டீக்கடையில் தொலைக்கக் கூடாது.

குல்மார்க்கிலேயே சுமாரான ரூம் எடுங்கள். புக் பண்ணுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: அறைக்குள் புகாரி அடுப்போ ஹீட்டரோ உண்டா, எத்தனை மணி வரை, படுக்கையில் எலெக்ட்ரிக் போர்வை உண்டா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் எதற்கெல்லாம் ஓடும். "சென்ட்ரல் ஹீட்டிங்" என்று போட்டுவிட்டு மாலை மூன்று மணி நேரம் மட்டும் ஓட்டுகிற இடங்கள் உண்டு.

வெண்பனி:

பனி வருமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதை யாரும் சொல்லவில்லை. காஷ்மீரில் டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் சில்லாய் கலான், கடுங்குளிர் காலம். குளிர் இருந்தால் பனி இருக்கும் என்று அர்த்தமில்லை. பனியைக் கொண்டுவருவது வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வு. அது வராவிட்டால் குல்மார்க் புல்வெளி காய்ந்து கிடக்கும். 2024 ஜனவரியில் அப்படித்தான் கிடந்தது. 2025-இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மார்க் பகுதியைப் பிப்ரவரியில் நடத்த முடியாமல் மார்ச் 9-க்குத் தள்ளினார்கள், பனிப்பற்றாக்குறைதான் காரணம். இந்தப் பிரச்சினை ஔலியிலும் உண்டு.

அதனால் பிப்ரவரி இரண்டாவது, மூன்றாவது வாரத்தை வைத்துக்கொண்டு, ரூமைக் கட்டணமில்லாமல் ரத்து செய்யும் விதத்தில் எடுங்கள். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது புல்வெளியில் எத்தனை அடி பனி இருக்கிறது என்று ஹோட்டல்காரரிடம் அன்றைக்கு எடுத்த வீடியோ கேளுங்கள். கோண்டோலா உச்சியின் படத்தை அனுப்பினால் ஏற்காதீர்கள். உச்சியில் பனி இருக்கும், நீங்கள் சறுக்கப்போவது கீழே.

கோண்டோலாவுக்கு வருகிறேன். ஃபேஸ் 1 குல்மார்க்கிலிருந்து காங்டூரி வரை, சுமார் 2,650 மீட்டரிலிருந்து 3,080 மீட்டருக்கு. ஃபேஸ் 2 அங்கிருந்து அஃபர்வாட் மலையின் தோள் வரை, கிட்டத்தட்ட 3,950 மீட்டர். முதல் மூன்று நாள் கற்கிறவருக்கு இரண்டுமே சறுக்குவதற்குத் தேவையில்லை. உங்கள் சரிவு கீழே கால்ஃப் மைதானத்தை ஒட்டிய மேடுகள். காங்டூரியிலிருந்து மரங்களுக்கு நடுவே இறங்குவது 400 மீட்டர் உயர வித்தியாசம். பலகைகளின் முன்நுனியைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்து (இதைத்தான் கலப்பை என்பார்கள்) நிறுத்த மட்டும் தெரிந்தவர் பாதி வழியில் தொடை நடுங்கி உட்கார்ந்துவிடுவார். ஃபேஸ் 2-க்கு மேலே பெரும்பகுதி செப்பனிடாத பனி, பனிச்சரிவு அபாயம் உள்ள இடம். அந்த மலைப்பக்கத்திலேயே 2023 பிப்ரவரியில் ஹபத்குட்டில் இரண்டு போலந்துக்காரர்களும், 2024 பிப்ரவரியில் கிலன்மார்க்கில் ஒரு ரஷ்யரும் பனிச்சரிவில் இறந்தார்கள். பீக்கன் (பனிக்குள் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), மண்வாரி, துழாவுகம்பி, அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த வழிகாட்டி இல்லாமல் பலகையோடு அங்கே போகக் கூடாது. "ஃபேஸ் 2 கூட்டிப் போறேன், ஈஸி" என்று இரண்டாம் நாளே சொல்லும் பயிற்சியாளரை அன்றைக்கே மாற்றுங்கள்.

பார்க்க மட்டும் ஒரு தடவை ஃபேஸ் 1 போய் வாருங்கள், பையனுக்குப் பிடிக்கும். டிக்கெட் ஜம்மு காஷ்மீர் கேபிள் கார் கார்ப்பரேஷன் தளத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும், சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும். கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள்.

கோவைக்காரி:

இவ்வளவு விவரத்துக்கு ரொம்ப நன்றி. குல்மார்க் என்று முடிவாகிவிட்டது. அந்த ₹3,500 பேக்கேஜ்? சாமான் அங்கேயே வாடகைக்கு எடுத்தால் போதுமா, இங்கிருந்து என்ன வாங்கிப் போக வேண்டும்?

பைண்டிங்_ராஜா:

மேடம், 3,500 வீதம் மூணு பேருக்கு நாளைக்கு 10,500. மேலே சொன்ன கணக்குப்படி தனித்தனியா எடுத்தா சாமான் 3,000, பயிற்சியாளர் ஒருத்தர் 2,500, ஆக 5,500. மூணு பேருக்கும் ஒரே பயிற்சியாளர் போதும். பேசும்போது இதையெல்லாம் முன்னாடியே கறாராக் கேட்டுடுங்க: எத்தனை மணி நேரம், டிராக் லிஃப்ட் (பலகையோட நிற்கிறவரை மேட்டுல இழுத்துட்டுப் போற கயிறு) காசு இதுல அடங்குமா, லிஃப்ட் அன்னிக்கு ஓடுதா. லிஃப்ட் ஓடலைன்னா ஒவ்வொரு தடவையும் பலகையைத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறணும். ரெண்டு மணி நேரத்துல அஞ்சாறு இறக்கம்தான் கிடைக்கும், பையன் சோர்ந்துடுவான்.

நல்ல பயிற்சியாளர் முதல் அரைமணி உங்களைச் சரிவுக்கே கூட்டிப்போக மாட்டார். சமதளத்துல ஒத்தைப் பலகை மாட்டித் தள்ளி நடக்க வைப்பார், விழுந்தா எப்படி எழுந்திருக்கணும்னு காட்டுவார், பக்கவாட்டுல படியேறச் சொல்வார், அப்புறம்தான் கலப்பை. வந்ததும் கையைப் பிடிச்சு மேலேருந்து இழுத்துட்டு வந்து வீடியோ எடுத்துக் கொடுக்கிறவர் கத்துக்கொடுக்க மாட்டார். டூரிஸம் பதிவு அட்டை கேளுங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

சாமான்ல பூட்ஸ்தான் உயிர். கடையில இப்படிப் பாருங்க. பூட்ஸுக்குள்ள இருக்கிற மெத்தை உறையை உருவிட்டு வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள்ள காலை விடுங்க, விரல் நுனி முன்னாடி லேசாத் தொடணும், குதிகாலுக்குப் பின்னாடி ஒண்ணரை, ரெண்டு விரல் இடம் இருக்கணும். அதுக்கு மேல இடம் இருந்தா பெரிசு. வலிக்காத பூட்ஸ் வேணும்னு எல்லாரும் பெரிசா எடுக்கிறாங்க; அப்புறம் உள்ளே கால் ஆடும், பலகை சொன்ன பேச்சைக் கேட்காது, கணுக்கால் உரசிப் புண்ணாகும். சாக்ஸ் ஒண்ணே ஒண்ணு, முழங்கால் வரைக்கும். ரெண்டு போட்டா மடிப்பு விழுந்து ரத்த ஓட்டம் குறைஞ்சு விரல் இன்னும் விறைச்சுப்போகும். பேன்ட் நுனி பூட்ஸுக்கு வெளியே இருக்கணும், உள்ளே திணிக்கக் கூடாது.

பலகை நிறுத்திப் பிடிச்சா உங்க தாடை உயரம், பையனுக்கு நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவுல. அங்க சில கடையில ஆழமான பனிக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்காக அகலமான நீளமான பலகை நிறைய வெச்சிருப்பாங்க. "இது புதுசு மேடம்"னு தள்ளுவாங்க, வாங்காதீங்க. பலகையோட நடுப்பகுதி அகலம் 80 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிறது போதும்.

அடுத்து பைண்டிங், இதை மட்டும் விட்டுடாதீங்க. பூட்ஸைப் பலகையோட பிடிச்சு வெச்சு, விழும்போது கழட்டிவிடுற ஸ்பிரிங் பூட்டு அது. முன்னாடியும் பின்னாடியும் சின்ன ஜன்னல்ல, எவ்வளவு இறுக்கம்னு காட்டுற ஒரு எண் தெரியும். 70 கிலோ தொடக்கக்காரருக்கு 5 வாக்குல, 30 கிலோ பையனுக்கு 2-ஐ ஒட்டி. எடை, உயரம், வயசு, பூட்ஸ் அடி நீளம் வெச்சுக் கடைக்காரர் அட்டவணை பார்த்து வைக்கணும். நேத்து ஒரு பெரிய ஆளுக்கு 8-ல வெச்சதை அப்படியே உங்களுக்குக் கொடுத்தா, விழும்போது பலகை கழலாது, முழங்கால் திருகும். கடை வாசல்லயே மாட்டி, பாதத்தைப் பக்கவாட்டுல திருகிப் பாருங்க, முன்பக்கம் விடணும். கழட்டினதும் ரெண்டு பக்கமும் பிரேக் கம்பி கீழே இறங்குதான்னும் பாருங்க. அது இல்லாத பலகை தனியா ஓடிப்போய் யாரையாவது அடிக்கும். ஹெல்மெட் தரலைன்னா வேற கடை.

இங்கேயே வாங்க வேண்டியது: தண்ணி புகாத ஸ்கீ பேன்ட், அதே மாதிரி கையுறை, காகிள்ஸ், செயற்கை நூல் இல்லைன்னா மெரினோ உள்ளாடை ரெண்டு செட். சென்னை, கோவை டெக்காத்லான்ல கிடைக்கும். ஜீன்ஸ், காட்டன் பனியன் வேண்டவே வேண்டாம். நனைஞ்சா காயாது, பத்து நிமிஷத்துல உடம்பு நடுங்கும். ஜாக்கெட் இருக்கிறதை மேல போட்டுக்கலாம். தங்மார்க்ல வண்டியை நிறுத்தி கோட்டும் கம்பூட்டும் வாடகைக்கு எடுக்கச் சொல்வாங்க. சறுக்கப் போறவங்களுக்கு அது ஒண்ணுக்கும் உதவாது.

வெண்பனி:

உயரம் பற்றி ஒரு வார்த்தை. குல்மார்க் புல்வெளி நம்ம தொட்டபெட்டா உச்சி உயரம்தான், பெரும்பாலும் பிரச்சினை வராது. பையனுக்கு முதல் இரவு தலைவலி வந்தால் தண்ணீர் நிறையக் கொடுத்து மறுநாள் காலை மெதுவாக ஆரம்பியுங்கள். சன்ஸ்கிரீன் கழுத்து, மூக்கின் அடிப்பக்கம் வரை. பனி வெயிலைக் கீழிருந்து திருப்பி அடிக்கும்.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. வீட்டில் ஒருவருக்காவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும். சிக்னல் போனால் யுபிஐயும் போகும், பதினைந்தாயிரம் ரொக்கம் கையில் வையுங்கள்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது குளிர்கால விளையாட்டு விபத்து சேருமா என்று பாலிசி வாசகத்தில் தேடுங்கள். சாதாரணப் பயணப் பாலிசிகளில் அதைத்தான் விலக்கியிருப்பார்கள். எலும்பு முறிவு என்றால் தங்மார்க்கில் முதலுதவி, பிறகு ஸ்ரீநகர் பர்சுல்லாவில் உள்ள அரசு எலும்பு மருத்துவமனை.

மலைப்பாதை:

டிக்கெட் போடும்போது சென்னை–டெல்லி–ஸ்ரீநகர் இரண்டையும் ஒரே பி.என்.ஆரில் எடுங்கள். தனித்தனியாக எடுத்து, டெல்லி மூடுபனியில் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் காசு போச்சு. திரும்பும்போது ஸ்ரீநகரிலிருந்து அதிகாலை விமானம் வேண்டாம், பதினொரு மணிக்கு மேல் பாருங்கள். அங்கே டெர்மினலுக்கு முன்பே வெளி கேட்டில் பெட்டிகளையெல்லாம் இறக்கி ஸ்கேன் பண்ணுவார்கள், வரிசை நீளம். மூன்று மணி நேரம் முன்னாடி போய்விடுங்கள்.