அறுபது நாள் கடனில் சரக்கு கொடுத்துத் தொழிலை எத்தனை நாள் ஓட்டுவது?

செக்குக்காரன்:
காங்கேயம் பக்கம் செக்கு எண்ணெய் யூனிட் போட்டு மூன்று வருடம் ஆகிறது. கொப்பரைக்கு அன்றன்றே ரொக்கம் வைக்க வேண்டும், 2025இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது ஒரு லோடு எடுக்கவே மூச்சு முட்டிப்போனது. ஆட்டிய எண்ணெயில் பெரும்பகுதி கோவையில் பல கிளை வைத்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறது. 60 நாளில் பணம் என்று பேச்சு, வருவதோ 85, 90 நாள். விற்பனை இரட்டிப்பாகிவிட்டது, ஆனால் வங்கிக் கணக்கில் பணமே நிற்பதில்லை. வங்கியில் ஓடி லிமிட்டை (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடன் வரம்பை) கூட்டுவதா, அந்தக் கடையை விடுவதா?

ஆடிட்டர் ஆபீஸ்:
முதலில் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இருக்கிறதா? குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். 2006ஆம் ஆண்டுச் சட்டம் இது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் பிடி இருக்கிறது: கெடு தாண்டிய பாக்கி வருடக் கடைசியில் நின்றால் அந்தத் தொகையைச் சரக்கு வாங்கிய கடைக்காரர்கள் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. உத்யம் எண்ணை இன்வாய்ஸிலேயே அடியுங்கள், மார்ச் மாதம் அவர்கள் ஆடிட்டரே பணத்தைத் தரச் சொல்வார்.

22 வருட டிஸ்ட்ரிபியூட்டர்:
சட்டம் சரி, ஆனால் அதை வைத்துப் பாக்கி கேட்டு மனுப் போட்டால் அடுத்த ஆர்டர் நின்றுவிடும், அதையும் யோசியுங்கள். பெரிய கடைகள் நம் பணத்தில்தான் அடுத்த கிளை திறக்கிறார்கள், கேட்டால் தந்துவிட மாட்டார்கள். ஒரே கடைக்கு மொத்த விற்பனையில் கால் பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். அரை லிட்டர் பாட்டில் மட்டும் அங்கே போகட்டும், 5 லிட்டர் டின்னை வீட்டுக்காரர்களுக்கு நேரடியாக, கைமேல் காசுக்கு விற்றுக்கொள்ளுங்கள். ஓடி லிமிட்டை இப்போது தொடவே வேண்டாம், அவர்கள் வாங்கிய கடனுக்கு நீங்கள் வட்டி கட்டுவதுபோல் ஆகிவிடும்.

கடலூர்வாசி:
எங்கள் ஊர் சி.கே.ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு ஷாம்பு தொழிலில் தனியாக இறங்கியவர். எந்த கம்பெனியின் காலி ஷாம்பு பாக்கெட்டானாலும் 5 கொடுத்தால் அவருடைய சிக் ஷாம்பு பாக்கெட் ஒன்று இலவசம் என்றார், பிறகு சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார். சனங்களே கேட்டதால் கடைக்காரர் வாங்கி வைக்க வேண்டியதாயிற்று. நீங்களும் காலி டின்னைத் திருப்பித் தருகிறவருக்கு லிட்டருக்கு 10 ரூபாய் குறைத்துப் பாருங்களேன்.

செக்குக்காரன்:
நேற்று ராத்திரி லெட்ஜரை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன், அந்த ஒரு கடை மட்டும் 58 சதவீதம். பயமாக இருந்தது. 5 லிட்டர் டின் இனிமேல் தர முடியாது என்று இன்று காலை சொல்லிவிட்டேன், அப்புறம் புது இன்வாய்ஸ் புத்தகத்தில் உத்யம் எண் போட அச்சகத்தில் கொடுத்திருக்கிறேன். காலி டின்னைக் கழுவிக் காயவைக்க யாராவது நல்ல வழி சொன்னால் உதவியாக இருக்கும்.