பேனாவைக் கொடுப்பதற்கு முன்னால்

குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். அவசர ஆபரேஷன் என்றதும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது, "எங்க கையெழுத்துப் போடணும்?" அந்த நேரத்தில் உடனே பேனாவை நீட்டக் கூடாது என்பது என் கட்சி.

ஒரு பையன், 12 வயது. விதைப்பைக்குள் விதை முறுக்கிக்கொண்டு வந்திருந்தான். கூச்சத்தில் வீட்டில் வயிற்றுவலி என்றே சொல்லியிருக்கிறான். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்துவிட்டால் விதை பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. போகப் போக ரத்த ஓட்டமில்லாமல் செத்துவிடும். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டுத்தான் போனார். ஆனாலும் அம்மாவிடம், "உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு சொல்லுங்கம்மா" என்றேன். "நரம்பு சுத்திக்கிச்சு, பிரிச்சு விட்டுடுவாங்க."

எடுக்க வேண்டியும் வரலாம் என்பது அவர் காதில் ஏறவே இல்லை. டாக்டரை மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை உட்கார்ந்து பேசினார்.

"திறந்து பார்த்து, செத்துப்போயிருந்தா எடுத்துடுவோம்மா. இன்னொண்ணு நல்லா இருந்தாலே பின்னாடி குழந்தை பெத்துக்கப் பொதுவா தடை இருக்காது. அதுவும் முறுக்காம இருக்கத் தையல் போட்டுடுவோம்."

"காலையில இன்னொரு டாக்டர்கிட்ட காட்டிட்டு முடிவு பண்ணலாமா?" என்றார் அப்பா.

"காலை வரைக்கும் விட்டா காப்பாத்த எதுவும் மிஞ்சாதுங்க."

அதுவரை வாயே திறக்காத பையன், "முழிச்சிருக்கும்போதே வெட்டுவீங்களா?" என்றான். மயக்க மருந்து பற்றி அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை! எல்லாம் சில நிமிடப் பேச்சுதான். அதற்குள் தியேட்டரும் தயாராகிவிட்டது. கடைசியில் விதையை எடுக்க வேண்டித்தான் வந்தது. அம்மா அழுதார், ஆனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கவில்லை.

மாற்று வழி இருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். கைக்குழந்தைக்குக் குடல் குடலுக்குள் சொருகிக்கொண்டால், குழந்தை தாங்கும் நிலையில் இருந்து குடலும் ஓட்டை விழாமல் இருந்தால், ஆசனவாய் வழியாகக் காற்றோ திரவமோ செலுத்திச் சரிசெய்ய முதலில் முயல்வார்கள். அது பலிக்காவிட்டால்தான் கத்தி.

பெற்றோரைப் பிடிக்கவே முடியவில்லை, உயிருக்கு ஆபத்து என்றால் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பல நாடுகளில் சட்டமே இதை ஏற்கிறது.

மொழி தெரியாத பெற்றோருக்கு, கூட வந்த அக்காவையோ அண்ணனையோ மொழிபெயர்க்க விடுவதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். "தம்பி செத்துப்போகலாம்" என்று அம்மாவிடம் ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்? போனிலாவது ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துவிடுங்கள்.